புல்வெளியில் விரிந்த திரை: நியூயார்க் பிரையன்ட் பூங்காவும் கோடைத் திரையிடலும்

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில், பொது நூலகத்தின் பின்புறத்திலிருந்து ஆறாம் அவென்யூ வரை நீளும் பிரையன்ட் பூங்காவில், 1993ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் கோடைத் திங்கட்கிழமைகளின் அந்தி வேளையில் கட்டணமின்றித் திரைப்படங்கள் காட்டப்பட்டு வந்துள்ளன. அலுவலகம் முடிந்து வருவோரும், குழந்தைகளோடு வரும் குடும்பத்தாரும், தனியே வரும் முதியவர்களும் ஒரே புல்வெளியில் போர்வை விரித்து அமர்ந்து, சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள் விளக்கேற்றி நிற்க, பழைய ஹாலிவுட் படங்களைப் பார்க்கும் இவ்வழக்கம் அந்நகரின் கோடைக்கால அடையாளங்களுள் ஒன்றாகிவிட்டது. ஆனால் இதே புல்வெளி, திரையிடல் தொடங்குவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு பகல் நேரத்திலேயே மக்கள் கால்வைக்கத் தயங்கிய இடமாக இருந்தது என்பதைக் கருதும்போது, அங்கு நிகழ்ந்த மாற்றத்தின் காரணங்களை ஆராய்வது ஒரு பொழுதுபோக்கின் வரலாறு என்பதைக் கடந்து, நகரங்கள் தம் பொதுவெளிகளை எவ்வாறு இழக்கின்றன, எவ்வாறு மீட்கின்றன என்னும் பெரிய வினாவுக்கு இட்டுச்செல்கிறது.

இடுகாடு, நீர்த்தேக்கம், பூங்கா

பிரையன்ட் பூங்கா அமைந்துள்ள நிலம் 1686ஆம் ஆண்டில், அப்பகுதி இன்னும் காடாக இருந்த காலத்தில், ஆங்கிலேயக் காலனி ஆளுநர் தாமஸ் டோங்கன் என்பவரால் பொது நிலமாக ஒதுக்கப்பட்டது. 1823 முதல் 1840 வரை ஏழைகளையும் உரிமை கோருவாரற்றவர்களையும் புதைக்கும் இடுகாடாக அது பயன்பட்டது. தெற்கு முனையிலிருந்து வடக்கு நோக்கி வளர்ந்துவந்த நகரம் அவ்விடத்தை எட்டியபோது, இடுகாடு அகற்றப்பட்டு, அதனையொட்டி ஐந்தாம் அவென்யூ ஓரமாக 1842இல் குரோட்டன் நீர்த்தேக்கம் எழுந்தது. நகருக்கு வடக்கேயுள்ள குரோட்டன் ஆற்றிலிருந்து கால்வாய் வழியே வந்த குடிநீரைத் தேக்கிப் பகிர்ந்தளிப்பதற்காகக் கட்டப்பட்ட இத்தேக்கத்தின் சுவர்கள் ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுடையவை. அவற்றின் மேல் அமைந்த நடைபாதையில் மாலை வேளைகளில் உலாவுவது அக்கால நியூயார்க் மக்களுக்கு விருப்பமான பொழுதுபோக்காக இருந்தது. தேக்கத்தின் மேற்குப் பக்கத்தில் எஞ்சிய நிலம் 1847இல் 'நீர்த்தேக்கச் சதுக்கம்' என்னும் பெயரில் பொதுப் பூங்காவாயிற்று.

அச்சதுக்கத்தில் 1853இல் இலண்டன் மாநகரின் முன்மாதிரியைப் பின்பற்றி இரும்பாலும் கண்ணாடியாலும் ஒரு பளிங்கு மாளிகை எழுப்பப்பட்டு, உலகப் பொருட்காட்சி நடத்தப்பட்டது. தீப்பற்றாது என்று நம்பப்பட்ட அம்மாளிகை 1858 அக்டோபர் 5 அன்று எரிந்து வீழ்ந்தது. கவிஞரும் 'நியூயார்க் ஈவினிங் போஸ்ட்' இதழின் ஆசிரியருமான வில்லியம் கல்லன் பிரையன்ட் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1884இல், பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பின்னர் நீர்த்தேக்கம் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் எழுந்த பொது நூலகம் 1911 மே மாதத்தில் திறக்கப்பட்டது. இவ்வாறு ஒவ்வொரு தலைமுறையும் இந்நிலத்தைத் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டபோதிலும், அது பொதுநிலம் என்னும் தன்மை மட்டும் மாறாமல் நிலைத்தது. பிற்காலத் திரையிடலுக்கு முதல் அடிப்படை இதுவே.

மதிலுக்குள் மறைந்த பூங்கா

சுரங்க இரயில் பாதைக்காகத் தோண்டப்பட்டுச் சீர்குலைந்திருந்த பூங்காவை 1934இல் நகரப் பூங்காத் துறையின் ஆணையர் ராபர்ட் மோசஸ் புதுப்பித்தார். போட்டியில் வென்ற லஸ்பி சிம்ப்சன் என்னும் வடிவமைப்பாளரின் திட்டப்படி, நடுவே பெரும் புல்வெளியும் அதன் இருபுறமும் மரவரிசைகளும் அமைக்கப்பட்டன. தெருவின் இரைச்சலிலிருந்து விலகிய அமைதியிடமாகப் பூங்கா இருக்க வேண்டும் என்னும் நோக்கத்தால் தரை தெருமட்டத்திற்கு மேலே உயர்த்தப்பட்டு, சுற்றிலும் சுவரும் இரும்புக் கம்பி வேலியும் புதர்வேலியும் எழுப்பப்பட்டன. மறு ஆண்டே, பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்தோர் பகற்பொழுதைப் பயனுறக் கழிக்கும்பொருட்டு, பொது நூலகம் அங்கு ஒரு திறந்தவெளிப் படிப்பகத்தை நடத்தத் தொடங்கியது. பணமோ முகவரிச் சான்றோ கேட்காமல் நூல்களும் இதழ்களும் வழங்கிய அப்படிப்பகம், போர்க்காலத்தில் ஆள் பற்றாக்குறையால் நின்றது. கட்டணமின்றி, அடையாளம் கேளாமல், யார் வந்தாலும் இடமளிக்கும் நெறி பிற்காலத் திரையிடலுக்கு முன்பே இப்பூங்காவில் வேரூன்றியிருந்தது என்பதற்கு இப்படிப்பகம் சான்றாகும்.

ஆயினும், அமைதிக்காக எழுப்பிய சுவரே பிற்காலத்தில் பூங்காவுக்குக் கேடாயிற்று. தெருவில் நடப்பவர் கண்ணுக்கு உள்ளே நடப்பது புலப்படவில்லை. உள்ளே இருப்பவர் விரைந்து வெளியேற வாயில்களும் போதவில்லை. 1970களில் நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலைக்குத் தள்ளப்பட்டு, பூங்காக்களைப் பராமரிக்கும் பணியாளர்களைக் குறைத்தபோது, மறைவிடம் தேடிய போதைப்பொருள் வணிகர்கள் அங்கு நிலைகொண்டனர். 1974இல் நகரின் பாதுகாக்கப்பட்ட எழில்நிலமாக அறிவிக்கப்பட்ட பூங்கா, அதே பத்தாண்டில் மக்கள் சுற்றிப்போகும் இடமாகிவிட்டது.

வில்லியம் ஒயிட்டின் கண்டறிதல்

இந்நிலையை ஆராய்ந்து மாற்றுவழி கூறியவர் வில்லியம் ஒயிட் என்னும் எழுத்தாளரும் நகரியல் ஆய்வாளரும் ஆவார். சதுக்கங்களிலும் சிறு பூங்காக்களிலும் மக்கள் எங்கு அமர்கின்றனர், எங்கு நின்று பேசுகின்றனர், எவ்விடத்தைத் தவிர்க்கின்றனர் என்பனவற்றைப் பல ஆண்டுகள் நேரில் கவனித்தும் ஒளிப்பதிவுக் கருவிகளால் பதிவு செய்தும் அவர் கண்டறிந்தவை 1980இல் சிறு நகர்வெளிகளின் சமூக வாழ்வைப் பற்றிய நூலாக வெளிவந்தன. ஓரிடத்திற்கு மக்களை ஈர்ப்பது பெரும்பாலும் அங்கு ஏற்கெனவே இருக்கும் மக்களே என்பதும், ஓரிடம் பாதுகாப்பானதா என்பதை அங்கு வரும் பெண்களின் விகிதத்தால் அறியலாம் என்பதும், நகர்த்தக்கூடிய நாற்காலி ஒன்றைக் கொடுத்தால் அமர்பவர் அதைச் சற்றேனும் நகர்த்தித் தமக்குரிய இடமாக ஆக்கிக்கொள்கிறார் என்பதும் அவர் முடிவுகளுள் சில. பிரையன்ட் பூங்காவைப் பொறுத்தவரை, அங்குக் கூடிய குற்றவாளிகளை நோயின் காரணமாகக் கொள்ளாமல், மக்கள் விலகியதன் விளைவாகவே அவர் கண்டார். எனவே காவலரைப் பெருக்குவதைவிட, வேலிகளைக் குறைத்து, வாயில்களைப் பெருக்கி, மக்கள் வந்து தங்குவதற்கான காரணங்களை உண்டாக்குவதே தீர்வு என்று பரிந்துரைத்தார்.

இப்பரிந்துரையைச் செயற்படுத்துவதற்காக, பொது நூலகத்தின் தலைவரான ஆண்ட்ரூ ஹைஸ்கெலும் இளம் நிர்வாகியான டேன் பீடர்மேனும் ராக்ஃபெல்லர் சகோதரர்கள் நிதியத்தின் துணையோடு 1980இல் பிரையன்ட் பூங்கா மறுசீரமைப்புக் கழகத்தைத் தோற்றுவித்தனர். இலாப நோக்கற்ற இக்கழகத்தின் வருவாய் வழிகளுள் முதன்மையானது 'வணிக மேம்பாட்டு மாவட்டம்' என்னும் ஏற்பாடாகும். அதாவது, குறிப்பிட்ட வட்டாரத்திலுள்ள கட்டட உரிமையாளர்கள் வழக்கமான வரிக்கு மேலாக ஒரு தொகையைச் செலுத்துவர், அத்தொகை அவ்வட்டாரத்தின் பராமரிப்புக்கே செலவிடப்படும். 1988இல் பூங்கா மூடப்பட்டு, நிலவடிவமைப்பாளர் லாரி ஓலினின் திட்டப்படி புதர்வேலிகள் களையப்பட்டன. வாயில்களும் படிகளும் அகலப்படுத்தப்பட்டன. லிண்டன் மில்லர் மலர்ப்பாத்திகளை அமைத்தார். அதே காலத்தில் புல்வெளிக்கு அடியில் நூலகத்திற்கான நிலத்தடி நூலடுக்குகள் கட்டப்பட்டு, முதல் தளம் 1991இல் பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டாம் தளமும் பின்னர் நிறைவடைந்ததால், ஏறத்தாழ 40 இலட்சம் நூல்களுக்கு இடமளிக்கும் களஞ்சியத்தின் மேற்கூரையாகவே இன்று அப்புல்வெளி விளங்குகிறது. 1992இல் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டபோது, தரையோடு பிணைக்கப்படாத பச்சை நிற நாற்காலிகள் நூற்றுக்கணக்கில் பரப்பப்பட்டிருந்தன. அவற்றைத் திருடிச் சென்றுவிடுவர் என்று பலரும் அஞ்சியதற்கு மாறாக, இன்றளவும் அந்நாற்காலிகளே பூங்காவின் முத்திரையாக உள்ளன.

திறந்தவெளித் திரையின் நெடுவழி

பூங்கா திறந்த மறு ஆண்டிலேயே அங்குத் திரை எழுந்தது. எனினும் வானத்தின் கீழ் படம் காட்டும் எண்ணம் திரைப்படக் கலையைப் போலவே பழமையானது. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் லூமியேர் சகோதரர்கள் 21 மீட்டர் அகலமான மாபெரும் திரையை முதலில் ஈஃபிள் கோபுரத்தையொட்டித் திறந்தவெளியில் தொங்கவிடவே எண்ணினர். காற்றின் விசையைக் கருதியே அதனை அரங்கத்திற்குள் கொண்டுசென்றனர். அமெரிக்காவில் தொடக்ககாலப் படக்கொட்டகைகள் காற்றோட்டமற்றவையாகவும், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருளால் ஆபத்து நிறைந்தவையாகவும் இருந்தன. 1908ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளன்று நியூயார்க் மேயர் நகரின் எல்லாப் படக்கொட்டகைகளின் உரிமங்களையும் ஒரே ஆணையால் நிறுத்திவைக்கும் அளவுக்கு அவற்றின் மீதான அச்சம் வளர்ந்திருந்தது. கோடையில் இத்தகைய கொட்டகைகளுக்குள் அமர இயலாத மக்களுக்காக, அமெரிக்க நகரங்களில் 'ஏர்டோம்' எனப்பட்ட கூரையற்ற படக்கூடங்கள் தோன்றின. நாற்புறமும் வேலியடைத்து, ஒருபுறம் திரை கட்டி, மரப்பலகைகளில் மக்களை அமர்த்திய இக்கூடங்கள், தமிழ்நாட்டின் டூரிங் டாக்கீஸைப் போலவே எளிய முதலீட்டில் எளிய மக்களுக்குப் படம் காட்டின.

ஏர்டோமின் காலத்தை முடித்துவைத்தது குளிரூட்டும் எந்திரமே ஆகும். 1925ஆம் ஆண்டுக் கோடைத் தொடக்கத்தில் நியூயார்க் ரிவோலி திரையரங்கில் வில்லிஸ் கேரியர் நிறுவிய குளிரூட்டி, வெயிலுக்கு ஒதுங்குவதற்காகவே மக்கள் படம் பார்க்க வரும் புதிய பழக்கத்தைத் தோற்றுவித்தது. அதன்பின் கோடை திரையரங்குகளின் வருவாய்க் காலமாயிற்று. 1933 ஜூன் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகருக்கருகே ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் திறந்த 'டிரைவ்-இன்', அதாவது காருக்குள் அமர்ந்தபடியே படம் பார்க்கும் அரங்கு, திறந்தவெளித் திரைக்கு மறுவாழ்வு தந்தது. 1950களின் இறுதியில் அந்நாட்டில் இத்தகைய அரங்குகள் நான்காயிரத்திற்கும் மேல் இருந்தன. தொலைக்காட்சியின் பரவலாலும், புறநகர் நில மதிப்பின் உயர்வாலும், கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் சட்டத்தால் இருட்டு காலந்தாழ்ந்து வந்ததாலும் அவை அருகின. மேலும், டிரைவ்-இன் பார்வையாளர்கள் ஒரே வானத்தின் கீழ் இருந்தும் அவரவர் காருக்குள் தனித்தனியே பிரிந்திருந்தனர்; அறிமுகமற்றவர் அருகருகே அமரும் பொது அனுபவத்திற்கு நகரப் பூங்காவே தக்க களமாயிற்று.

அவ்வகையில் ரோம் நகரம் ஒரு முன்னோடி எடுத்துக்காட்டாகும். அரசியல் வன்முறையால் மக்கள் இரவில் வெளியே வர அஞ்சிய 1977ஆம் ஆண்டுக் கோடையில், நகர மன்றத்தில் பண்பாட்டுப் பொறுப்பு வகித்த கட்டடக் கலைஞர் ரெனாதோ நிக்கொலினி, பண்டைய ரோமானியப் பேரரசின் மாக்சென்சியஸ் மண்டப இடிபாடுகளில் திரை கட்டிப் படங்களைக் காட்டினார். அஞ்சி வீடடைந்த மக்களை மீண்டும் நகரின் நடுவே கூட்டிய அம்முயற்சி, 'ரோமானியக் கோடை' என்னும் பெயரில் ஆண்டுதோறும் தொடரும் விழாவாக வளர்ந்தது. பாரிஸ் நகரில் இறைச்சிக்கூடங்கள் இருந்த இடத்தில் உருவான லா வில்லெத் பூங்காவிலும் 1990 முதல் கோடைத் திரையிடல் நடைபெறுகிறது. கைவிடப்பட்ட அல்லது அச்சத்திற்குரிய இடங்களிலேயே இத்திரைகள் பெரிதும் வேரூன்றியமை தற்செயலன்று. இருட்டிய பின்னும் மக்கள் ஓரிடத்தில் இரண்டு மணி நேரம் தங்கியிருப்பதற்குத் திரைப்படத்தைப் போல இயல்பான காரணம் வேறொன்று அரிது.

திங்கட்கிழமை மாலை

1993இல் எச்.பி.ஓ. என்னும் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனத்தின் ஆதரவோடு பிரையன்ட் பூங்காவில் கோடைத் திரைப்பட விழா தொடங்கியது. வார இறுதிக்குப் பின் வரும் திங்கட்கிழமை, கேளிக்கைகள் குறைந்த நாளாதலால் அதற்கெனத் தேர்ந்துகொள்ளப்பட்டது. புல்வெளியின் மேற்கு முனையில், ஆறாம் அவென்யூ ஓரத்து நீரூற்றுக்கு அருகே திரை எழும். நூலகத்தின் பின்சுவர் பார்வையாளர்களுக்குப் பின்னணியாக அமையும். மாலை ஐந்து மணிக்குப் புல்வெளி திறக்கப்பட்டதும், சுற்றிலும் காத்திருந்தோர் போர்வைகளோடு ஓடிச்சென்று இடம்பிடிப்பது ஒரு சடங்காகவே மாறியது. புல்லின் வேர்களுக்குக் காற்றும் நீரும் தடைப்படும் என்பதால் நெகிழித் தார்ப்பாய்களும், பின்னிருப்போர் பார்வையை மறைக்கும் என்பதால் நாற்காலிகளும் புல்வெளியில் தடைசெய்யப்பட்டன. நியூயார்க் நகரில் ஜூன் மாத இறுதியில் கதிரவன் மறையும் நேரம் எட்டரை மணியாதலால், இடம்பிடித்தவர்கள் மூன்றரை மணி நேரம் உண்டும் உரையாடியும் சீட்டாடியும் காத்திருப்பர். விழாவின் உயிர்ப்பு இக்காத்திருப்பிலேயே இருந்தது என்று கூறுவது மிகையாகாது. அறிமுகமற்றவர்கள் இடத்தைப் பார்த்துக்கொள்ளுமாறு ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டும், உணவைப் பகிர்ந்துகொண்டும் உண்டாக்கிய இணக்கம், படம் தொடங்குவதற்கு முன்பே அத்திரளை ஓர் அவையாக்கிவிட்டது.

படத்திற்கு முன் பழைய கேலிச்சித்திரத் துணுக்குப் படம் காட்டப்பட்டு, அதனையடுத்து எச்.பி.ஓ. நிறுவனத்தின் முகப்பிசை ஒலித்தது; அவ்விசை எழுந்ததும் புல்வெளி முழுவதும் எழுந்து நின்று ஆடுவது, எவரும் ஏற்பாடு செய்யாமல் மக்களே உருவாக்கிக்கொண்ட வழக்கமாக இருந்தது. திரையிடப்பட்டவை பெரும்பாலும் பல்லாண்டுகளுக்கு முந்தைய புகழ்பெற்ற படங்களே. ஒரே படத்தை முன்பே பலமுறை பார்த்தவர்கள் கூடுமிடத்தில் கதையை அறியும் ஆவலைவிட, தெரிந்த காட்சியைப் பிறரோடு சேர்ந்து வரவேற்கும் மகிழ்ச்சியே மேலோங்கியது. திறந்தவெளிக்கே உரிய தொழில்நுட்ப இடர்களும் பல இருந்தன: காற்றுக்கு அசையாதபடி திரையை வலுவான சட்டகத்தில் இழுத்துக் கட்ட வேண்டும், சுற்றுக் கட்டடங்களின் வெளிச்சத்தை மிஞ்சும் ஒளிவிசை வேண்டும், ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர்கள் இல்லாத வெளியில், திரையிலிருந்து 90 மீட்டர்த் தொலைவில் அமர்ந்தவருக்கு ஒலி கால் நொடி தாழ்ந்து சேரும் என்பதால், இடையிடையே ஒலிபெருக்கிகளை நிறுத்தி அவற்றின் ஒலியையும் அதற்கேற்பத் தாழ்த்தி வெளியிட வேண்டும்.

இவ்விழாவின் வெற்றி நகரெங்கும் பின்பற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டில் புரூக்ளின் பாலத்தருகே ஆற்றங்கரைப் பூங்காவிலும் கோடைத் திரையிடல் தொடங்கியது. பல்லாயிரவர் இரவில் கூடியும் அச்சமின்றிக் கலைந்துசெல்ல முடிந்ததால், மக்கள் திரளே பொதுவெளிக்குக் காவல் என்னும் ஒயிட்டின் கருத்து கண்கூடாக மெய்ப்பிக்கப்பட்டது.

எவருடைய பூங்கா?

எனினும், இம்மாற்றத்தைக் குறைகூறியோரும் உண்டு. அவர்கள் வாதத்தில் பொருளும் உண்டு. சமூகவியலாளர் ஷாரன் சூகின், 1995இல் வெளிவந்த நகரப் பண்பாடுகள் பற்றிய தம் நூலில், தனியார் கழகத்தின் ஆளுகையில் பொதுப் பூங்கா, வசதியுள்ளோரின் சுவைக்கேற்ப மென்மையாக வடிகட்டப்பட்ட இடமாகிறது என்று எச்சரித்தார். பிரையன்ட் பூங்காவின் பராமரிப்பு நகராட்சியின் நிதியைச் சாராமல், கட்டட உரிமையாளர் செலுத்தும் தொகை, உணவகங்களின் வாடகை, நிறுவனங்களின் விளம்பர ஆதரவு ஆகியவற்றால் நடைபெறுவதால், பணம் தருவோரின் விருப்பம் மேலோங்கும் ஆபத்து என்றும் உடனுறைவதே ஆகும்.

இவ்வாபத்தை அளக்க, அதே 1993ஆம் ஆண்டில் அதே பூங்காவில் தொடங்கிய இன்னொரு நிகழ்ச்சி உரைகல்லாக உதவுகிறது. நியூயார்க் ஆடை அலங்கார வாரம் அவ்வாண்டு முதல் 2010 வரை அங்குக் கூடாரங்கள் அமைத்து நடத்தப்பட்டது. அழைப்பிதழ் உள்ளவரே உள்ளே செல்ல முடிந்த அந்நாள்களில், பொதுமக்கள் தம் புல்வெளிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். கூடாரங்களின் கீழ்ப் புல்லும் சிதைந்தது. இரண்டுமே தனியார் பணத்தால் நடந்தவை. இரண்டுமே நிறுவனங்களுக்கு விளம்பரம் தேடித்தந்தவை. ஆனால் ஒன்று வாயிலை அடைத்தது, மற்றொன்று திறந்தது. ஆகவே, பொதுநிலத்தில் நடக்கும் நிகழ்ச்சியை மதிப்பிடுங்கால், பணம் யாருடையது என்னும் கேள்வியோடு நின்றுவிடாமல், நுழைவுரிமை யாருக்கு என்பதையும், நிகழ்ச்சி முடிந்தபின் நிலம் எந்நிலையில் திரும்பக் கிடைக்கிறது என்பதையும் கேட்டறிவதே நேரிய முறையாகும்.

தனியார் ஆதரவின் நிலையாமையும் பின்னாளில் வெளிப்பட்டது. 2019ஆம் ஆண்டுக் கோடையோடு எச்.பி.ஓ. தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டு பெருந்தொற்றுக் காலமாகவும் அமைந்ததால் திரை எழவில்லை. பின்னர் பாரமவுண்ட் பிளஸ் நிறுவனத்தின் ஆதரவோடு திங்கட்கிழமைத் திரையிடல் மீண்டது. ஆதரவாளர் மாறியும் மக்கள் அதே புல்வெளிக்குத் திரும்பியதற்குக் காரணம், திரை இல்லாத காலத்திலும் புல்வெளி பேணப்பட்டு, விளக்குகள் எரிந்து, கழிப்பறைகள் தூய்மையாக இருந்து, நாற்காலிகள் தம் இடத்தில் காத்திருந்தமையே ஆகும்.

இவ்வரலாறு தரும் முடிவு தெளிவானது. திரையும் ஒளிவீசு கருவியும் எந்நகரும் ஒரே நாளில் வாங்கக்கூடியவை; ஆனால் எல்லோருக்கும் உரிய நிலம், அதை நாள்தோறும் பேணும் நிலையான ஏற்பாடு, கட்டணமும் அழைப்பும் இல்லாத வாயில் ஆகிய மூன்றும் வாய்த்த இடத்திலேயே கோடைத் திரையிடல் தலைமுறை கடந்து நிற்கிறது. தம் பூங்காக்களைப் பாதுகாப்பதாக எண்ணிப் பூட்டிவைக்கும் நகர நிர்வாகங்கள், சுவர் எழுப்பிய 1934ஆம் ஆண்டின் தவற்றையும், அதைத் திருத்திய 1992ஆம் ஆண்டின் துணிவையும் ஒருங்கே கற்று, தம் வாயில்களை இருட்டிய பின்னும் மக்களுக்குத் திறந்துவைக்க முன்வர வேண்டும்.